பின்படிக்கட்டு

லண்டனில் பெட்ஃபோர்டு சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் ஒன்றில் கவிதை வாசிக்க அழைத்திருந்தார்கள். 1775இல் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் கட்டி முடித்த செங்கல் வீட்டு வரிசைகள். இப்போது பெரும்பாலும் அலுவலகங்கள். அழைத்தவர் கூரையின் பூவேலைப்பாட்டையும் பளிங்குக் கணப்பையும் வளைந்தேறும் படிக்கட்டையும் காட்டி, எல்லாம் பழையபடியே இருக்கிறது என்றார். பணிப்பெண்களின் படிக்கட்டு எங்கே என்று கேட்டேன். "அது இருந்த இடத்தில்தான் இப்போது தளத்துக்கொரு கழிப்பறை" என்று சிரித்தார்.

இவ்வகை வீட்டைத் தெருவில் நின்றே படித்துவிடலாம். விருந்தினரை உட்காரவைக்கும் முதல் மாடிக்கு ஆளுயரத்தை மீறிய சன்னல்கள். மேலே போகப்போகச் சன்னல் சிறுக்கும். உச்சியில், கூரைச் சரிவுக்குள், பணிப்பெண்கள் படுத்தார்கள். அவர்கள் வேலை செய்த சமையலறை தரைக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்கத்தான் பெரிய வீடுகளில் பின்படிக்கட்டு வைத்தார்கள். நிலக்கரி அறை நடைபாதைக்கு அடியில். வண்டிக்காரர் தெருவிலிருந்தே துளை வழியாகக் கொட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு ஒவ்வொரு வாளியும் ஒரு பெண்ணின் கையில் மாடியேற வேண்டும். வெந்நீர் மேலே, சாம்பல் கீழே, இரவின் மூத்திரச்சட்டி கீழே. (அதே இடத்தில் கழிப்பறை வந்திருப்பதை அந்தக் கட்டிடத்தின் நேர்மை என்றுகூடச் சொல்லலாம்.) பல வீடுகளில் அவளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. புதிதாக வருபவளையும் எசமானியின் வசதிக்கு மேரி என்றே கூப்பிட்டார்கள்.

வீடு அலுவலகமாகிவிட்டது என்கிறோம். மேரிக்கு அது முதல் நாளிலிருந்தே வேலையிடம்தானே? வீடு ஓய்வுக்கு, அலுவலகம் உழைப்புக்கு என்ற பிரிவினை முன்வாசலால் நுழைந்தவர்களுடையது.

இதே சதுக்கத்தின் 47ஆம் எண் வீட்டில்தான் 1849இல் எலிசபெத் ஜெஸ்ஸர் ரீட் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். பிரிட்டனில் பெண்களின் உயர்கல்விக்கு முன்னோடியான பெட்ஃபோர்டு கல்லூரி அது. ஆண் பேராசிரியர்கள் பாடம் நடத்தியதால், துணைக்கென்று மூத்த பெண்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். என் போன்றவர்களுக்கு அது கோயில். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வகுப்பறைகளின் கணப்பை விடியலில் மூட்டியவளும் பெண்தானே என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. அவள் மூட்டிய சூட்டில் மற்றவள் படித்தாள். நான் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த மூன்று வருடமும் என் வீட்டில் ஒரு அக்கா பாத்திரம் தேய்த்தார். ஆய்வேட்டின் நன்றியுரையில் நூலகரின் பெயர் இருக்கிறது. அந்த அக்கா மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதே எனக்கு நினைவில்லை.

அப்படியானால் பின்படிக்கட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? இந்த வீடுகள் நாட்டின் முதல்நிலைப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் உள்பகுதிகளையும் சேர்த்தே காக்கிறது. ஆனால் எது போற்றத்தக்கது என்று எடைபோடும்போது பூவேலைப்பாட்டுக்கு இருக்கும் கனம் இருட்டுப் படிகளுக்கு இருப்பதில்லை. இதற்கு எதிர்வாதமும் உண்டு. முதுகொடித்த படிக்கட்டை எதற்குக் கண்ணாடி போட்டுக் காட்ட வேண்டும்? ஒழியட்டும் என்று மேரியே சொல்லக்கூடும். அது அவள் உரிமை. ஆனால் இடித்தவர்கள் அவளைக் கேட்டு இடிக்கவில்லை. அலுவலகத்துக்கு இடம் போதவில்லை, இடித்தார்கள். மிஞ்சிய கைப்பிடியின் பளபளப்போ, அது தானாகவே பளபளத்ததுபோல நிற்கிறது. படிக்கட்டு திரும்ப வேண்டாம். சுற்றிக்காட்டுபவர் கூரையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை அதற்கும் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியே வந்தபோது நடைபாதையில் வட்டமான இரும்பு மூடி ஒன்றை மிதித்தேன். கீழே இருந்த நிலக்கரி அறை என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அங்கே சைக்கிள் நிறுத்துகிறோம்" என்றார்.