ஒன்றும் நிகழாத நாளின் படம்

கொடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியையும் தூண்பாறைகளையும் கண்டு களிக்கின்றனர். அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தை நாடுவோர் சிலரே. உள்ளே நுழைவோர் கதிரவனின் உருவத்தையும், அதன் ஒளி பல நிறங்களாய்ப் பிரிந்து கிடப்பதையும் கண்ணெதிரே காணலாம். அண்ணாந்து நோக்க இயலாத ஒன்றைக் கண்கூசாமல் நோக்குவதே ஒரு பேறுதான்.

1901-இல் நோக்குப்பணியைத் தொடங்கிய ஆய்வகம் இது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் ஜான் எவர்ஷெட் இங்குதான் கண்டறிந்தார். அவ்விளைவு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அவருக்குரிய புகழ் அது. ஆனால் என் சிந்தையைக் கவர்ந்தவர்கள் வேறு சிலர்.

1904 முதல், வானம் இடங்கொடுத்த நாள்தோறும், இங்கே கதிரவனைப் படமெடுத்து வந்துள்ளனர். கண்ணாடித் தகடுகளில் பதிந்த அப்படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. கரும்புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சி ஒன்று முடியவே ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகின்றன. பல சுழற்சிகளை ஒப்பிட வேண்டுமெனில் ஒருவரின் பணிக்காலம் போதாது. அப்படியாயின், தன் உழைப்பின் முடிவைக் காணப்போவதில்லை என்றறிந்தும் காலையில் தகட்டைப் பொருத்தியவரை எது எழுப்பியது? ஊதியம் என்பது பாதி விடையே.

புள்ளியே இல்லாத நாட்களும் உண்டு. வெற்று வட்டத்தை எதற்குப் படமெடுப்பது என்று அன்று சோம்பியிருக்கலாம், கேட்பாரும் இருந்திருக்கமாட்டார். ஆனால் அப்படம் இல்லையெனில், அன்று புள்ளி இல்லையா, பார்த்தவர் இல்லையா என்பதைப் பின்வருவோர் எங்ஙனம் அறிவர்?