கரி நெருப்பருகே பேதுரு



1960களின் தொடக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடம். ஏவுகணை முனைக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிய வில்லியம் பியூலர் நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்து ஒன்றைச் செய்திருந்தார். எத்தனை முறை வளைத்தாலும் ஒடியாது என்று காட்ட, அதன் தகடு ஒன்றை மடித்து மடித்து ஒரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். கைமாறி வந்த தகட்டின் அருகே டேவிட் மஸ்ஸி என்ற அதிகாரி தம் புகைக்குழாய் லைட்டரைப் பிடித்தார். மடிப்பெல்லாம் விரிந்து தகடு தானே நிமிர்ந்தது!

அதற்கு நிட்டினால் என்று பெயர். வேண்டிய வடிவில் இறுக்கிப் பிடித்து 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால், அதுவே அதன் வடிவமாகிவிடும். குளிர்ந்த பிறகு கையாலேயே வளைக்கலாம். வளையும்போது அணுக்கள் பக்கத்து அணுவை விட்டுப் பிரிவதில்லை. சாய்ந்து கொடுக்கின்றன, அவ்வளவுதான். அதனால்தான் சூடு பட்டதும் திரும்ப முடிகிறது. ஆயுதக் கூடத்தில் பிறந்த இந்த உலோகம் இன்று இரத்தக்குழாய்க்குள் உடற்சூட்டில் விரிந்து உயிர் காக்கிறது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் என்று சொன்ன எசாயா கேட்டால் மகிழ்வார்.

பேதுருவும் குளிரில்தான் வளைந்தார். இயேசு கைதான இரவின் குளிரையும், தலைமைக் குருவின் முற்றத்தில் மூட்டிய கரி நெருப்பையும் யோவான் மறக்காமல் எழுதுகிறார். அந்த இரவில்தான் பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்தார். பிறகு திபேரியக் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பு. இம்முறை அதன்மேல் மீன் வைத்துக் காத்திருப்பவர் உயிர்த்த ஆண்டவர். முதலில் சாப்பாடு, அதன் பிறகே பேச்சு. அப்போதும் அந்த இரவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. என்மேல் அன்பு இருக்கிறதா என்று மட்டும் மூன்று முறை கேட்டார்.

நிட்டினாலை நீளத்தில் சுமார் 8 சதவீதத்துக்கு மேல் இழுத்துவிட்டால் முழுமையாகத் திரும்பாது. அந்தக் கணக்கு உலோகத்துக்கு. மனிதருக்கும் அப்படி ஓர் அளவு வைத்து, "அவனெல்லாம் திருந்த மாட்டான்" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் நாம்தான். தகடு பழைய வடிவத்துக்கு மட்டுமே திரும்பும்; பேதுருவோ, "என் ஆடுகளை மேய்" என்ற அழைப்போடு மேய்ப்பராகவே எழுந்தார்.

உங்கள் குடும்பத்தில் பேச்சு நின்றுபோன ஒருவர் இருப்பார். இந்த வாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். நடந்ததைக் கிளறாதீர்கள்.