செவ்வாய்க் கட்டம்

ஞாயிறு இரவு. அம்மாவின் மாத்திரை டப்பாவில் ஏழு கட்டங்களையும் நிரப்புகிறேன். மாரடைப்புக்குப் பிறகு வந்த வழக்கம். ஆஸ்பிரின் 75 மில்லிகிராம்தான் இருப்பதிலேயே சின்னது. "இத்துனூண்டு மாத்திரைக்கு எங்க போகணும்னு எப்படிடா தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

தெரியாது. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். தனக்குப் பொருந்துகிற புரதம் எதிர்ப்பட்டால் பற்றிக்கொள்ளும். தலைவலி தீர்வதும் வயிறு புண்ணாவதும் அதற்கு ஒரே வேலை. வலியைக் கூட்டும் பொருளைச் செய்கிற நொதியின் இனத்தான் இரைப்பையிலும் இருக்கிறது. அங்கே உட்சுவரைக் காக்கும் பொருளைச் செய்கிறது. பக்கவிளைவு என்பது நாம் வைத்த பெயர்.

1899இல் ஆஸ்பிரின் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று மருந்தியலாளர் ஜான் வேன் காட்டியது 1971இல். 72 வருடம் உலகம் காரணம் தெரியாமலே விழுங்கியிருக்கிறது. நானும் அப்படித்தானே விழுங்குகிறேன், பாதி மருந்துகளை.

பெரும்பாலான மருந்துகள் பற்றும், விடும், மறுபடி பற்றும். ரத்தத்தில் அளவு இறங்க இறங்கப் பிடியும் தளரும். காலை, மதியம், இரவு என்று சீட்டில் எழுதுவது அதனால்தான். ஆஸ்பிரின் வேறு மாதிரி. ரத்தத்தில் இருபது நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். ஆனால் போகிற போக்கில், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவின் நொதியில் தன்னில் ஒரு துணுக்கை ஒட்டிவிட்டுப் போகும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. கெட்டுப்போன நொதிக்குப் பதில் புதிது செய்துகொள்ள முடியாது. ஏழு முதல் பத்து நாள் ஆயுள் முழுக்க அந்தத் தழும்போடுதான் ஓட்டம். 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்கிறோம். ரத்தம் அதே பதத்தில்தான் இருக்கிறது. தட்டணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும் குரல் அடங்கிப்போகிறது, அவ்வளவே.

இன்னொன்றும் உண்டு. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே ஆஸ்பிரினில் ஏறக்குறைய பாதி சிதைந்துவிடும். அதற்கு முந்தைய அந்தச் சிறு வழியிலேயே தட்டணுக்கள் அதைச் சந்தித்துவிடுகின்றன. 75 மில்லிகிராம் போதுமானதாக இருப்பதில் இந்தச் சந்திப்புக்கும் பங்குண்டு.

புதன் காலை. செவ்வாய்க் கட்டம் திறக்கப்படவில்லை.

"ரெண்டாப் போட்டுக்கவா?"

"வேண்டாம்மா. இன்னிக்குள்ளது மட்டும்."

இரவோடு இரவாக அவள் எலும்பு மஜ்ஜையிலிருந்து தழும்பில்லாத தட்டணுக்கள் சில புறப்பட்டிருக்கும். செவ்வாய் மாத்திரையை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் போட்டேன்.