எல்லைக்கு அப்பால்

தென்காசிக்காரர்கள் தங்கள் ஊர்க் காற்றைப் பற்றிப் பெருமை பேசினால் அதை மிகையென்று தள்ளிவிட முடியாது. காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் கால் வைத்துப் பாருங்கள். மேற்கேயிருந்து வரும் காற்று எதிரே நின்று மார்பில் கை வைத்துத் தள்ளும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரலைச் சுமந்து வருகிற காற்று அது. குற்றாலத்து அருவிகளுக்கு உயிர் கொடுக்கும் மழையும் அதனோடு வருவதுதான்.

அதே கணவாய் வழியே லாரிகளும் வருகின்றன. புளியரைச் சோதனைச் சாவடியில் கழிவு ஏற்றி வந்த லாரியைப் பிடித்தார்கள் என்ற செய்தி இந்தப் பக்கத்தில் எங்களுக்குப் பழகிப் போன ஒன்று. 2024 டிசம்பரில் அந்தச் செய்தி பெரிதாக வெடித்தது. திருநெல்வேலியை அடுத்த கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவுகள் குவிந்து கிடந்தன. ஊசிகள், குழாய்கள், நோயாளிகளின் சீட்டுகள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. கேரள அரசே அவற்றை அள்ளிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 22-ஆம் தேதி அங்கிருந்து அதிகாரிகள் வந்து, லாரிகளில் ஏற்றித் திருப்பி எடுத்துச் சென்றார்கள்.

எனக்கு அளவற்ற கோபம் வந்தது. வீட்டுத் திண்ணையில் நண்பர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். "நம்மை மனிதராக மதித்தால் இப்படிச் செய்வார்களா?" என்று கேட்டேன். நியாயமான கோபம்தான். இப்போதும் அதில் ஒரு வார்த்தையைக் கூடத் திரும்பப் பெற நான் தயாராயில்லை.

ஆனால் அந்த வாரமே இன்னொன்று நடந்தது.

நான் நீரிழிவுக்காரன். தினமும் இன்சுலின் போட்டுக் கொள்கிறவன். போட்ட ஊசியைப் பழைய காகிதத்தில் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிடுவது என் வழக்கம். அன்று காலை குப்பை வண்டியோடு வந்த அம்மாள் பையைப் பிரித்து, மக்கும் குப்பையைத் தனியே எடுத்துக் கொண்டிருந்தவள், கையைச் சட்டென்று இழுத்துக் கொண்டாள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.

"என்னம்மா?" என்றேன்.

"ஊசி குத்திட்டு அய்யா. ஒண்ணுமில்ல" என்று விரலைப் புடவையில் துடைத்துக் கொண்டாள். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, "உங்க மேல தப்பில்ல அய்யா. பாக்காம கைய விட்டது நாந்தான்லா!" என்று எனக்கே சமாதானம் சொன்னாள்.

அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "என் ஊசிதான் டாக்டர், எனக்குச் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை" என்றேன். "அது உங்கள் நம்பிக்கை. ரத்தம் சொல்லட்டும்" என்றார் அந்த இளம் டாக்டர். குத்திய ஊசி மஞ்சள் காமாலைக் கிருமியையும் எய்ட்ஸ் கிருமியையும் கொண்டு போகக் கூடும். ஆகவே இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். முடிவு வருகிற வரை அந்த அம்மாளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அரைநாள் வேலை போயிற்று. கடைசிப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் என்று கவலைப்பட்டாள். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

நான் வரி கட்டுகிறேன். நகராட்சி குப்பை அள்ளுகிறது. இதில் என் குற்றம் என்ன? இப்படி ஒரு வாதத்தை மனத்துக்குள் நடத்திப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. வரி அவள் உழைப்புக்குக் கூலி. அவள் விரலில் குத்துவதற்கு விலை அல்ல. 2016-இல் வந்த திடக்கழிவு விதிகளே வீட்டில் பயன்படுத்திய ஊசி, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, குழல் விளக்கு, பூச்சிமருந்து டப்பா ஆகியவற்றை அபாயக் கழிவு என்று பிரித்துச் சொல்லின. பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரன் கடமை. தனியே வாங்கி ஒப்படைப்பது உள்ளாட்சியின் கடமை. என் பாதியை நான் செய்யவில்லை. 'வெளியே' போட்டேன், அவ்வளவுதான். அந்த வெளியில் ஒரு மனுஷி நின்று கொண்டிருந்தாள்.

'வெளியே' என்பது எங்கே இருக்கிறது? செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. அதுவரை தென்காசிக்காரனுக்குச் செங்கோட்டையே எல்லைக்கு அப்பால். கோடு ஒரே நாளில் மேற்கே நகர்ந்து போயிற்று. காற்று நகரவில்லை. சிற்றாறும் நகரவில்லை. குற்றாலத்து மலையில் பிறந்து, தென்காசியைத் தொட்டுக் கொண்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது அது. அருவியில் எண்ணெயும் சோப்பும் தேய்த்துக் கொள்கிறவனுக்கு அழுக்கு 'போய்விட்டது'. கீழே உள்ள ஊருக்கு அது வந்து சேருகிறது.

உலகமும் இதே பாடத்தைத்தான் படித்தது. 1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம், குப்பையை எரித்த சாம்பலை 'கியான் சீ' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பியது. எந்த நாடும் ஏற்கவில்லை. 1988-இல் ஹைட்டிக் கடற்கரையில் ஒரு பகுதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்தைக் கடலில் தள்ளினார்கள். அடுத்த ஆண்டு, அபாயக் கழிவுகளை நாடு விட்டு நாடு தள்ளுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை பிறந்தது. ஹைட்டியில் கிடந்த சாம்பல் 2002-இல் பென்சில்வேனியாவுக்கே திரும்பி வந்தது. தள்ளியவன் வீட்டு வாசலுக்கே பதினாறு வருஷம் கழித்து!

எரித்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. மருத்துவக் கழிவை எரிக்கும் உலையின் இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1050 டிகிரி வெப்பம் வேண்டும். புகை அதில் இரண்டு விநாடியாவது நிற்க வேண்டும் என்பது விதி. தெருமுனைக் குப்பைத் தீயில் அந்த வெப்பம் ஏது? அங்கே எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்ஸின் முதலிய நஞ்சுகள் கிளம்பி, நாம் பெருமை பேசும் காற்றிலேயே ஏறிக் கொள்கின்றன.

இதைச் சொல்வதால் லாரி முதலாளியும் நானும் ஒன்று என்றாகிவிடாது. அவன் அறிந்து, பணத்துக்காக, இரவில் கொட்டுகிறான். அவனுக்குத் தண்டனை வேண்டும். நான் அறியாமல், சோம்பலால், பகலில் போட்டேன். குற்றத்தின் அளவு வேறு. ஆனால் வேர் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனிதர் இல்லை என்று நினைத்துக் கொள்கிற மனம் அது. எல்லையில் நூறு சாவடி போட்டாலும் அந்த மனத்தைச் சோதித்து அனுப்ப ஆளில்லை.

தென்காசிக் கோபுரத்தை எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் கல்வெட்டில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறான். பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வருமானால், அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்கிறான். ஓர் அரசன், இன்னும் பிறக்காதவர்களை, பெயர் தெரியாதவர்களை, முன்கூட்டியே வணங்குகிறான்! அந்தக் கோபுரம் பழுதுபட்டு நெடுங்காலம் நின்றது. மீண்டும் எழுப்பி 1990-இல் குடமுழுக்குச் செய்தார்கள். பாண்டியனின் வணக்கம் அவர்களைப் போய்ச் சேர்ந்தது.

நமது குறையைத் தினமும் காலையில் வந்து நீக்குகிறவள் பிறக்காதவள் அல்ல. வாசலில் மணியடித்துக் கொண்டு நிற்கிறாள்.

இப்போது என் ஊசிகளைக் கனமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் போட்டு மூடி, மேலே 'ஊசி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அவள் கையில் தனியே கொடுக்கிறேன். முதல் நாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத இப்பிடி யாரும் தந்ததில்ல அய்யா" என்றாள்.

நன்றி சொல்கிறாளா, குற்றம் சாட்டுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் ஏற்றுக் கொள்வதுதான் முறை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.