தம்பி ஏன் கோயிலுக்குள் வரவில்லை?

ஆயா செத்த அன்றைக்குத் தம்பி கோயிலுக்குள் வரவில்லை. பேரிகையில் எங்கள் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கும்போது முதல் தோள் அவன் தோள்தான். கோயில் கேட் வந்ததும் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு எதிரே டீக்கடை மறைவில் போய் நின்றுகொண்டான். பூசை முடிந்து கல்லறைக்குப் போகும்போதும் தள்ளித்தள்ளியே வந்தான். குழிக்குள் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். அவன் போடவில்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சொந்தக்காரப் பையனை அம்மா அதட்டினாள்: “டேய், அந்தப் பக்கம் திருப்பாதடா.”

காரணம் காலனிக்கே தெரியும். யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். தம்பி அரசாங்க வேலையில் இருக்கிறான். அவன் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். என்னுடையதில் கிறிஸ்தவ மதத்திற்கு மாறிய ஆதிதிராவிடர். அவன் எஸ்.சி., நான் பி.சி. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே குழாயடியில் தண்ணி பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அப்பா முடிவு பண்ணிவிட்டார்: “ஒருத்தி சாமி பேர்ல இருக்கட்டும், ஒருத்தன் சர்க்கார் பேர்ல இருக்கட்டும்.”

அன்றைக்குச் சாமியார் பிரசங்கத்தில் மாற்றத்தைப் பற்றிப் பேசினார். கேழ்வரகு விளைந்த காட்டில் ரோஜாவுக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி ஓசூருக்கு ஷிப்டுக்குப் போகிறார்கள், குடும்பமும் திருச்சபையும் மாறித்தான் ஆகவேண்டும், மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். நல்ல பிரசங்கம்தான். ஆனால் என் கண்ணெல்லாம் வாசல் பக்கமே இருந்தது. மாறு மாறு என்று எப்போதும் எங்களிடமே ஏன் சொல்கிறார்கள்? மதம் மாறினோம், பேர் மாறினோம், ஊர் மாறினோம். எங்களைச் சுற்றி இருக்கிற எது மாறியது?

எங்கள் குடும்பம் மாறிய கதை பேரிகைக்கு வடகிழக்கே, எல்லை தாண்டி, கோலார் தங்கவயலில் தொடங்குகிறது. வட ஆற்காடு, சித்தூர், தர்மபுரிப் பக்கத்துச் சேரி சனங்கள் 1880களிலிருந்து அந்தச் சுரங்கத்துக்குப் போனார்கள். 2001 பிப்ரவரியில் மூடும்வரைக்கும் அந்தக் குழிகளில் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம்ம சனந்தான். பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. எங்கள் தாத்தாவின் அண்ணன் சங்கத்து வழியில் போனார். தாத்தா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். ரெண்டு பேரும் ஓடியது ஒரே சாதியிடமிருந்துதான். ஒருத்தர் புத்தரிடம் போனார், ஒருத்தர் ஏசுவிடம் போனார்.

இனி சட்டத்தைப் பாருங்கள். 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியிலேயே நின்றார்கள். பெரிய தாத்தாவின் பேரன் புத்தரைக் கும்பிடுகிறேன் என்று வெளிச்சத்தில் சொல்லிக்கொண்டே சான்றிதழ் கேட்கலாம். எங்கள் தாத்தாவின் பேரன் டீக்கடை மறைவில் நிற்கவேண்டும். ரெண்டு பேர் உடம்பிலும் ஓடுவது ஒரே ரத்தம்.

அதே தங்கவயல் தனித்தொகுதியில் 1967-இல் ஜெயித்த எஸ்.ராஜகோபால் மேல் சி.எம்.ஆறுமுகம் வழக்குப் போட்டார். ராஜகோபால் 1949-இல் கிறிஸ்தவரானவர், ஆகவே ஆதிதிராவிடர் இல்லை என்பது வழக்கு. உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் அவர் பதவி பறிபோனது. 1972-இல் மறுபடி ஜெயித்தார், மறுபடி வழக்கு. 1975 டிசம்பரில் அதே உச்சநீதிமன்றம், அவர் இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டார், சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே சாதி திரும்பக் கிடைத்துவிட்டது என்றது. சாதி ஏதோ வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மாதிரி. கோயிலுக்குள் போனால் இல்லை, வெளியே வந்தால் மாட்டிக்கொள்ளலாம்!

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. செருப்புத் தைக்கும் எஸ்.சி. தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்று அவருக்கு இல்லை என்றார்கள். 1985-இல் உச்சநீதிமன்றம் சொன்னது இதுதான்: மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கொடுமையோடு தொடர்கிறது என்பதை ஆதாரத்தோடு காட்டவேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோயில் மேல் கோபம் வருகிறது. அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது? கோயிலிடம்தான் இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-இல் சாதிக்கொரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்துக் கோயில் கட்டினார்களே, 1910-இல் அந்தச் சுவரை இடித்ததற்கு மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்களே, அது ஆதாரமில்லையா? 2008-இல் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காகக் கலவரம் வந்து, போலீஸ் சுட்டு ரெண்டு பேர் செத்தார்களே, அது ஆதாரமில்லையா? ஆனாலும் எத்தனையோ காலம் ‘ஆண்டவர் சன்னதியில் சாதி இல்லை’ என்றே பிரசங்கம் கேட்டோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல்தான் தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளும் பாகுபாடு இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. கோயில் தன் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய், கோர்ட்டில் எங்களுக்கு எதிரான சாட்சியாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பொய்ச்சாட்சி பாவம் என்கிறது எட்டாம் கட்டளை. எம்.ஏ. முடித்த திமிரில் ஒருநாள் தம்பியைக் கேட்டேன்: “வேலைக்காகச் சாமியையே வித்துட்டியா?” அவன் நிதானமாகச் சொன்னான்: “நான் சாமி இல்லைன்னு சொல்லலக்கா. நான் பறையன்னுதான் சர்டிபிகேட் வாங்கினேன். அது இன்னா பொய்யா?” எனக்குப் பதில் இல்லை. ஆதிதிராவிடர் என்பது உண்மை, இந்து என்பது பொய். அந்த உண்மையைச் சொல்ல இந்தப் பொய்யைக் கட்டணமாகக் கேட்கிறது சட்டம். கட்டணம் கேட்கிறவனை விட்டுவிட்டுக் கட்டியவனைப் பாவி என்பது எந்த ஊர் நியாயம்?

2024 நவம்பரில், எழுத்தர் வேலைக்கு மனுப்போட்ட புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்சநீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை.

இதைச் சொல்லித் தம்பியை முழுசாக விடுவிக்கவும் என்னால் முடியவில்லை. அவன் பிழைத்தான், நல்லது. ஆனால் அந்தப் பொய்க்குத் தினமும் வட்டி கட்டுவது அம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மகன் இல்லாமல் போகிறாள். பேரப்பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போடக்கூட அக்கம்பக்கம் பார்க்கிறாள். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. வருசா வருசம் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக வைத்து ஊர்வலம் போகிறோம். அந்தச் சட்டத்தால் ரொம்ப அடிபட்டவன் அவன். ஆனால் அவனால் வரமுடியாது. தனித்தனியாகத் தப்பிக்க ஒரு சந்தைத் திறந்து வைத்து, சேர்ந்து நிற்கிற தெருவை அடைத்துவிடுகிறது இந்தச் சட்டம். போன வருசம் ஊர்வலத்துக்குப் போக எனக்குப் பஸ் காசு கொடுத்தது தம்பிதான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

என் சான்றிதழ் உண்மையானது என்று நானும் பீற்றிக்கொள்ளமுடியாது. பேர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் வருச வன்கொடுமைச் சட்டம் எனக்கு இல்லை. பஞ்சாயத்துத் தனித்தொகுதியில் நிற்க எனக்கு உரிமை இல்லை. டீக்கடையில் என்னைக் கண்டுபிடிக்கிறவன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை. நான் எந்தத் தெரு என்று கேட்கிறான்.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் உரிமை கொடு என்று தீர்மானம் போட்டது. டில்லியைக் கேட்பதை நாம் நிறுத்தப்போவதில்லை. நான் இப்போது கேட்பது கோயிலை. மாற்றத்தை ஏற்கச் சொல்லும் சாமிமார்களே, முதலில் சாட்சி சொல்லுங்கள். உங்கள் பங்குப்பேரவையில் சேரி ஆள் எத்தனை பேர், கல்லறையில் எங்களுக்கு எந்த மூலை, தேரை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று பங்குபங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டு அரசாங்கத்திடம் கொடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எங்கள் வெட்கத்தை நாங்கள் இத்தனை காலம் சுமக்கவில்லையா?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் எல்லாரும் போனபிறகு, இருட்டினதும் தம்பி வந்தான். ஒரே ஒரு மெழுகுவத்தி கொளுத்தினான். அன்றைக்குப் போடாத ஒரு பிடி மண்ணை எடுத்து ஆயாவின் குழிமேல் போட்டான். அம்மா கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.