அரைப் புள்ளியின் எடை

மேல்மலையனூரில் செஸ் பழகும் பிள்ளை வீட்டுக்கு வந்து ‘டிரா’ என்றால், “ஜெயிக்கலையா?” என்றுதான் கேட்கிறோம். அணிப் போட்டியில் அந்தக் கேள்வி நியாயமே இல்லை. 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடின் பொதுப் பிரிவில் தங்கம் வென்ற இந்திய அணி, 11 சுற்றுகளில் உஸ்பெகிஸ்தானிடம் மட்டுமே 2-2 என நின்றது. அங்கே ஒரு டிரா தோல்வியாகியிருந்தால் சுற்றே கைவிட்டுப் போயிருக்கும். ஆடாமலே கைகுலுக்கி எழுபவர்களும் உண்டே என்பார்கள். உண்டுதான், அதனால்தான் 30 நகர்த்தலுக்கு முன் சமரசம் கூடாதெனச் சில போட்டிகளில் விதியே வைத்தார்கள். ஆனால் எதிராளியிடம் பிஷப்பும் ஓரச் சிப்பாயும் கூடுதலாக இருக்கும்போது, அந்தச் சிப்பாய் ராணியாகவேண்டிய மூலை பிஷப்பின் நிறமல்ல என்று கண்டு, ராஜாவை அங்கே முந்திக் கொண்டுபோய் நிறுத்துகிறாரே ஒருவர், அவர் அந்த அரைப் புள்ளியை உழைத்தே சம்பாதிக்கிறார்.