சாட்சி சொல்கிறவள்

சாட்சி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வீடுகள். ஒன்று நீதிமன்றம், இன்னொன்று ஜெபக்கூடம். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறுகிற பெண்ணை எதிர்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வாக்கியத்திலும் மடக்குவார். ஜெபக்கூடத்தில் அவள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கிடுவதில்லை. நடுநடுவே அல்லேலூயா சொல்வார்கள், அவ்வளவுதான். எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் காட்டுக்கும் மாந்தோப்புக்கும் கூலிக்குப் போகிற ஒரு பெண், நாற்பது ஐம்பது பேர் முன்னால் எழுந்து நின்று தன் வாழ்க்கையைத் தன் வாயால் பத்து நிமிடம் சொல்ல வேறு எங்கே முடியும்? ஊர்ப் பஞ்சாயத்து என்றால் அவளுக்காக அண்ணனோ மாமனோ பேசுவார்கள். கிராம சபை என்றால் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவாள். தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடத்தில்தான், "சாட்சி சொல்றவங்க எழுந்து சொல்லலாம்" என்று பாஸ்டர் சொன்னதும், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுகிறாள். எழுகிறவர்களில் பெரும்பாலும் பெண்களே.

பக்தியைப் பற்றிப் பேசும்போது பெண்ணியவாதிகளான நாம் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம்: அது பெண்ணைத் தாங்கப் பழக்குகிறது, தாங்கப் பழகியவள் எதிர்க்க மாட்டாள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் துன்பத்தில் இருந்தபோது விசுவாசம் தனக்குப் பலம் தந்தது என்று ஒரு பெண் சொல்லும்போது, எதற்கான பலம் அது என்று நாம் கேட்பதில்லை. அடியைத் தாங்குவதற்கா, அடியை நிறுத்துவதற்கா? என்னைப் பொறுத்தவரை கேள்வி அதுதான். நான் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்தில் பிறந்து, இருபதுகளில் சபையை விட்டு விலகி, முப்பத்தெட்டு வயதில் மறுபடி போக ஆரம்பித்தவள். ஒரு மரணம் காரணம். அதற்கு மேல் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. திரும்பிப் போனபோது பிரசங்கத்தைவிட அதிகமாக இந்தச் சாட்சிகளைத்தான் கேட்டேன்.

ஒருத்தியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விடிவதற்கு முன்னால் வேனில் ஏறித் தக்காளி பறிக்கப் போகிறவர். சந்தையில் விலை விழுந்த வாரம், பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காட்டுக்காரர் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார். அந்த வாரம் இவர் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். விலை ஏறிய வாரம் கூலி வரும். கூலி வந்தால் அதைக் கேட்டுக் கணவன் அடிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து சாட்சி சொன்னார்: என் வீட்டுக்காரரைக் கர்த்தர் அடக்கினார், என் வீட்டில் சமாதானம் தந்தார், அவருக்கே மகிமை. எல்லோரும் கைதட்டினோம்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும்போது மிச்சத்தைச் சொன்னார். ஒரு ராத்திரி அவன் குடிக்கப் போன நேரத்தில் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். ஜெபக் குழுவில் இருந்த மூன்று பெண்களுக்குப் போன் செய்தார். அவர்கள் பின்வாசல் வழியாக வந்து, விடியும்வரை வீட்டுக்குள் உட்கார்ந்து பாடினார்கள். அவன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டான். நாலு பெண்கள் விழித்திருக்கிற வீட்டுக்குள் நுழைந்து ஒருத்தியை அடிக்க அவனால் முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கூலிப் பணம் வேறொருத்தி வீட்டு அரிசிப் பானைக்குள் போனது. கர்த்தர் அவனை அடக்கிய விதம் இது.

"இதையேன்கா சபையில சொல்லல?" என்று கேட்டேன்.

"புருசன வெளிய நிறுத்தினவன்னு ஆயிடும், டீச்சர். பாஸ்டரு சேந்து வாழணும்னுதான் சொல்வாரு."

"கதவச் சாத்தினது நீங்கதான? பேரு மட்டும் ஏன் ஆண்டவருக்கு?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். "கதவ நாந்தான் சாத்துனேன். பதினாறு வருசமா அதே கதவு, அதே தாழ்ப்பா. அன்னிக்கு மட்டும் கை நடுங்கல பாருங்க, அது யாரு குடுத்தது?"

இதற்கு என்னிடம் தத்துவப் பதில் இருக்கிறது. சமூகவியல் பதிலும் இருக்கிறது: கை நடுங்காததற்குக் காரணம், கூப்பிட்டால் வர மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்ற நிச்சயம். ஆனால் அந்த மூவரை அவருக்குச் சேர்த்துக் கொடுத்தது எந்தக் கட்சியும் எந்த இயக்கமும் இல்லை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்தான். அவர் அதைக் கர்த்தர் என்கிறார். நான் தோழமை என்கிறேன். பெயர் வைக்கிற உரிமை கதவைச் சாத்தியவருக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என்னை உறுத்துவது வேறு: தன் பலத்தின் முக்கியமான பகுதியை, அதைத் தந்த அதே சபையில் அவரால் சொல்ல முடியவில்லை. சாட்சிக்கு ஒரு அச்சு இருக்கிறது. பாடு, கண்ணீர், ஜெபம், சமாதானம். அந்த அச்சில் தாழ்ப்பாளுக்கு இடமில்லை.

பாடு என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேதனைக்கும் பாடுதான், உழைப்புக்கும் பாடுதான். பாடுபட்டுச் சம்பாதித்தேன் என்று சொல்லும்போது இரண்டும் கலந்தே இருக்கின்றன. சிலுவைப் பாடுகள் என்று கிறிஸ்தவத் தமிழ் அதை எடுத்துக்கொண்டது. கூடவே ஒரு அறிவுரையும் ஒட்டிக்கொண்டது: குடிகாரக் கணவன் உன் சிலுவை, பொறுமையாகச் சும. இதைக் காது கூசக் கேட்டிருக்கிறேன். சிலுவை என்பது ரோம அரசின் கொலைக் கருவி. வாயை மூடாமல் பேசித் திரிந்த ஒருவரை, அதிகாரத்தில் இருந்தவர்கள் கூடிப் பேசிக் கொன்றார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் அடி வாங்குவதற்கு அந்தப் பெயரை வைப்பது, தமிழாசிரியை என்ற முறையில் சொல்கிறேன், சொற்குற்றம், பொருட்குற்றமும்கூட. துன்பத்துக்கு விளக்கம் சொல்கிறவர்களை வேதாகமமே கண்டித்திருக்கிறது. யோபுவின் நண்பர்கள் அவன் கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடித்து அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது புலம்பிய யோபுவின் மேல் அல்ல, காரணம் சொன்ன நண்பர்கள் மேல்.

பாளையங்கோட்டையில் ஒரு கிணற்றையும் ஒரு கோயிலையும் பாப்பாத்தியம்மாள் பெயரால் சொல்வார்கள். அந்த அம்மாள் குளோரிந்தா. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தி பிராமண விதவை. உடன்கட்டை ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று கதை உண்டு. அவருடன் வாழ்ந்தாள், அவரிடம் ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றாள், ஞானஸ்நானம் கேட்டாள். ஸ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். திருமணம் ஆகாமல் ஒருவருடன் வாழ்கிறவளுக்கு எப்படிக் கொடுப்பது? அதே கூரையின் கீழ் வாழ்ந்த அதிகாரி கிறிஸ்தவராகவே இருந்தார். வாசல் சாத்தப்பட்டது அவளுக்கு மட்டும். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல், ஸ்வார்ட்ஸே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் பல சாதிகளைச் சேர்ந்த நாற்பது பேர். முதல் பெயர் அவளுடையது. 1785-ல் அவள் முயற்சியால் எழுந்த கோயிலை ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு விதவை இவ்வளவையும் செய்தாள் என்பதில் எனக்கு மலைப்பு உண்டு. விதவைக்கோலமும் மூலை அறையும் எழுதப்பட்டிருந்த இடத்தில் சபைப் பதிவேட்டின் முதல் வரியைப் பிடித்தவள். மறுக்கப்பட்ட வாசலில் காத்திருந்து, உள்ளே வந்து, கடைசியில் வாசலையே கட்டியவள். அது தாங்குகிற பலம் மட்டும் அல்ல. ஆனால் அவள் கதை நமக்குக் கிடைப்பது மிஷனரிகளின் குறிப்புகளிலிருந்துதான். பிறகு அ. மாதவையா 1915-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவல் வந்தது. சீர்திருத்தக்காரரின் பரிவு நிறைந்த நாவல். எல்லாம் ஆண்கள் சொன்ன சாட்சி. அவளுடைய ஊர் நினைவிலோ, ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் பின்னுக்குப் போய், எந்தச் சாதி அவளை விதவையாக மூலையில் வைத்திருக்குமோ அந்தச் சாதியின் பெயரே கிணற்றிலும் கோயிலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பண்டித ரமாபாய் இந்த விஷயத்தில் கெட்டிக்காரி. தன் சாட்சியைத் தானே எழுதி வைத்தார். தாயிடம் சமஸ்கிருதம் கற்றவர். பஞ்சத்தில் தாய், தந்தை, அக்கா மூவரையும் இழந்து, அண்ணனுடன் கால்நடையாகவே நாடெல்லாம் அலைந்தவர். 1878-ல் கல்கத்தாவில் பண்டிதர்கள் பட்டம் கொடுத்தார்கள். 1882-ல் கணவர் இறந்தார், கையில் குழந்தை. மறு ஆண்டு இங்கிலாந்தில் ஞானஸ்நானம். அதோடு அடங்கிப்போனாரா என்றால் இல்லை. அடைக்கலம் கொடுத்த கன்னியாஸ்திரீகளோடு கோட்பாட்டுக்காகக் கடிதம் கடிதமாகச் சண்டை போட்டார். ஒரு புரோகிதக் கூட்டத்திடமிருந்து தப்பி வந்தது இன்னொன்றிடம் மாட்டிக்கொள்ளவா என்பது அவர் நிலை. 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். 1907-ல் எழுதிய சாட்சி நூலில், ஞானஸ்நானத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தே விசுவாசம் தனக்குள் நிலைகொண்டது என்கிறார். ஞாயிற்றுக்கிழமைச் சாட்சிகளில் இப்படி ஒரு தாமதத்தை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. துன்பம் வந்தது, மனந்திரும்பினேன், எல்லாம் சரியாயிற்று என்று ஒரே மூச்சில் முடியும்.

அச்சை முழுக்க உடைத்தது நம் மொழியில் பாமாவின் 'கருக்கு'. 1992-ல் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று ஆசிரியை வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழு ஆண்டுகளில் வெளியேறியவர். மடத்துக்குள்ளும் சாதி இருந்தது. கீழ்ப்படிதல் என்ற பெயரில் தலித் பெண்ணைத் தலைகுனிய வைக்கிற பழக்கம் இருந்தது. பாடு, கண்ணீர், ஜெபம் வரை எல்லாம் அதில் உண்டு. சமாதானம்தான் இல்லை. வேலையும் இல்லாமல், நாளைக்கு என்ன என்று தெரியாமல் நிற்கிறார். ஆனாலும் ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற இயேசுவை மடத்துக்காரர்களிடம் விட்டுக்கொடுக்கவில்லை. வகுப்பில் இதை நடத்தும்போது, "இவங்க விசுவாசியா இல்லையா மேடம்?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவி கேட்பாள். கேட்பவள் பெரும்பாலும் சபைக்குப் போகிறவளாக இருப்பாள். அவள் கேட்பது பாமாவைப் பற்றி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும்.

தெற்குத் திருவிதாங்கூரில் மார்பை மூடக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்த நாடார் பெண்கள், 1822 முதல் 1859 வரை தோள்சீலைக்காகப் போராடினார்கள். முன்னால் நின்றவர்களில் கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் பலர். மிஷனரிகளுக்கு அதில் ஐரோப்பிய நாணம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சந்தையில் சீலை கிழிக்கப்பட்டுத் திரும்பி வந்து மறுநாள் மறுபடி போட்டுக்கொண்டு போனவளுக்கு அது காரணம் அல்ல. கடவுள் முன் நிற்கிற உடம்பு மேல்சாதிக்காரன் முன் ஏன் திறந்து நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விசுவாசம் அவளுக்கு இடம் கொடுத்தது.

ஆனாலும் தாங்கச் சொல்கிற குரல் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆகார் அடிமைப்பெண். கர்ப்பிணியாக, எஜமானி சாராளின் கொடுமை தாங்காமல் ஓடிப்போகிறாள். வனாந்தரத்தில் கடவுளின் தூதர் அவளைச் சந்தித்து, திரும்பிப் போ, அடங்கி இரு என்கிறார். ஆதியாகமம் பதினாறாம் அதிகாரம். எத்தனை பெண்களை எத்தனை போதகர்கள் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களோ! அதே அதிகாரத்தில்தான், தன்னைப் பார்த்தவர் என்று கடவுளுக்கு அவள் பெயர் வைக்கிறாள். அடிமைப்பெண் கடவுளுக்குப் பெயர் வைப்பது சாதாரணமானதில்லை. இருபத்தோராம் அதிகாரத்தில் மகனோடு துரத்தப்படுகிறாள். தண்ணீர் தீர்ந்துபோகிறது. இந்த முறை திரும்பிப் போகச் சொல்லி யாரும் வரவில்லை. கண் திறக்கிறது, எதிரே கிணறு. இந்த இரண்டு ஆகார்களில் யாரைப் பிரசங்கிக்கிறோம் என்பதில் ஒரு சபையின் நீதி தெரிந்துவிடும். நான் கேட்டவை பெரும்பாலும் முதல் ஆகாரைப் பற்றியவை. தக்காளிக்காட்டு அக்கா வாழ்வது இரண்டாமவளை.

மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கில் கிடந்த ஒருத்தி வருகிறாள். வைத்தியர்களிடம் அலைந்து, கையில் இருந்ததெல்லாம் செலவழித்து, நோய் கூடியதுதான் மிச்சம். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவள் கூட்டத்துக்குள் நுழைந்து பின்னால் இருந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள், குணமாகிறாள். பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். கதை நிற்கவில்லை. யார் தொட்டது என்று அவர் திரும்பிக் கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு முன்னால் வந்து, நடந்ததை எல்லாம், ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொல்கிறாள். உதிரம், பணம், வைத்தியர்கள், அனுமதி இல்லாமல் தொட்டது உட்பட. எவ்வளவு நேரம் சொன்னாள் என்று மாற்கு எழுதவில்லை. ஜெபக்கூடத் தலைவன் யவீருவின் பன்னிரண்டு வயது மகள் அந்த நேரத்தில் சாகக் கிடக்கிறாள். அப்பன்காரன் பக்கத்தில் தவித்துக்கொண்டு நிற்கிறான். அவர் நின்று, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.